முன்பாரம், பின்பாரம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"தொழில்நுட்பமாக ஏதாவது இருபது நிமிஷம் பேசு" என்று செயலாளர் அவர்கள் போனில் சொன்னபோது, "அண்ணே, எனக்குத் தெரிந்தது டிரெய்லர் ஒன்றுதான்" என்றேன். "அதையே பேசு, ஆனா தூங்க வச்சிடாதே" என்றார். முதல் பாதிக்கு நான் பொறுப்பு. இரண்டாவது பாதி அண்ணாமலை நகரின் மதிய வெயில் கையில் இருக்கிறது.

நான் 2009இல் இங்கே இயந்திரவியல் முடித்தவன். இப்போது சென்னைக்கு வெளியே டிரெய்லர் கட்டும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எந்த வண்டிக்கு எந்த டிரெய்லர் பொருந்தும் என்று சொல்வதுதான் என் அன்றாடப் பிழைப்பு. ஜாதகப் பொருத்தம் பார்ப்பது போலத்தான். பத்துப் பொருத்தத்தில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் தாலி கட்டச் சொன்ன கதையும் என்னிடம் ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

போன மாதம் டெக்ஸாஸில் இருக்கும் நம் வகுப்பு நண்பன் ஒருவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். குளிர்சாதனம், சமையலறை, படுக்கை எல்லாம் உள்ள, சக்கரம் வைத்த வீடு ஒன்று. அதை ஃபிப்த் வீல் டிரெய்லர் என்பார்கள். சாதாரண டிரெய்லர் மாதிரி பம்பருக்குப் பின்னால் மாட்டாமல், பிக்கப் வண்டியின் பின் தொட்டிக்குள்ளே, பின் அச்சுக்கு மேலாக மாட்டுகிற வகை. கூடவே ஒரு கேள்வி: "மச்சான், என் பிக்கப் பத்தாயிரம் பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கான். இந்த டிரெய்லர் முழு லோடோட ஒன்பதாயிரம்தான். ஆயிரம் மிச்சம் இருக்கு. வாங்கிடட்டுமா?"

ஒன்பதாயிரம் பவுண்டு என்றால் நம் கணக்கில் ஏறக்குறைய 4,080 கிலோ. நான் அவனிடம், "டிரைவர் பக்கத்துக் கதவைத் திற. தூணில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதிலுள்ள எண்ணைப் படி" என்றேன். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அவன் வண்டியில் அது 1,650 பவுண்டு, அதாவது சுமார் 750 கிலோ.

ஃபிப்த் வீல் வீட்டு டிரெய்லர் தன் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை இழுக்கும் வண்டியின் முதுகில் ஏற்றிவிடும். நடுவாக 20 என்று வைத்துக்கொண்டால் 816 கிலோ. நண்பனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஏறும் முன்பே, அந்த இரும்பு மாட்டியின் எடையைச் சேர்க்கும் முன்பே, வண்டி தன் அளவைத் தாண்டிவிட்டது. இழுக்க முடியும். சுமக்க முடியாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இழுக்கும் எண். சுமக்கும் எண் கதவுக்குள் சின்ன எழுத்தில் இருக்கிறது.

இழுக்கும் எண் பொய் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் அதற்கென்று ஜே 2807 என்ற தரநிர்ணயம் இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள நீண்ட மலை ஏற்றத்தில் குறித்த வேகத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதில் ஒரு சோதனை. நியாயமான சோதனைதான். ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கிடுவது ஓட்டுநரும் பக்கத்தில் ஒருவரும் மட்டுமே. நம் வீட்டிலிருந்து ஊருக்குக் கிளம்பினால் ஊறுகாய் ஜாடி மட்டும் எத்தனை கிலோ?

இதையெல்லாம் நான் எங்கே கற்றேன் என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், இந்த வளாகத்தில் இல்லை. சொல்லிக்கொடுத்த ஆசிரியர்கள் குற்றமல்ல. நெம்புகோல் விதியைப் பலகையில் எழுதித்தான் போட்டார்கள். நான்தான் அதை மதிப்பெண்ணுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

புவனகிரிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். தாத்தா மாட்டு வண்டி வைத்திருந்தார். நெல் மூட்டை ஏற்றி முடித்ததும் உடனே மாட்டைப் பூட்ட மாட்டார். நுகத்தடிக்குக் கீழே தோளைக் கொடுத்து ஒரு தூக்குத் தூக்கிப் பார்ப்பார். தோள் அழுந்தினால், "முன்பாரம்டா, ரெண்டு மூட்டையைப் பின்னாடி தள்ளு" என்பார். நுகத்தடி தானாக மேலே எழும்பினால் பின்பாரம். முன்பாரமானால் மாட்டின் கழுத்தில் புண் வரும். பின்பாரமானால் நுகம் மேலே போய்ப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டுக்கும் நடுவில், நுகம் கழுத்தில் லேசாக அமர்ந்திருக்க வேண்டும். வண்டியில் மொத்தம் எத்தனை மூட்டை என்பது வேறு கேள்வி. அது எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. ஏற்றத்தில் தாத்தா ஏர்க்கால் பக்கம் முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் நகருவார். தன் உடம்பையே நகரும் எடையாகப் பயன்படுத்தியவர். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர்.

ஃபிப்த் வீல், அதாவது ஐந்தாம் சக்கரம், என்ற பெயரும் குதிரை வண்டிக் காலத்தில் வந்ததுதான். நான்கு சக்கரக் கோச்சு வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காக அதன் மேல் படுக்கையாக ஒரு வட்ட வளையம் வைத்தார்கள். தரையில் உருளாத அந்தச் சக்கரம் ஐந்தாவது. நம் நாலு சக்கரக் கரும்பு டிரெய்லரின் முன் அச்சுக்கு மேல் இருக்கும் டர்ன் டேபிள் அதற்குத் தம்பி முறை. 1914இல் டெட்ராய்ட் நகரில் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் ஒரு மர வியாபாரி வந்து, தன் படகை ஃபோர்டு மாடல் டி காரில் கட்டி இழுத்துப் போக வழி கேட்டார். கொல்லர் செய்து கொடுத்த இரு சக்கர வண்டியை செமி டிரெய்லர் என்றார்கள். முன் பாதியை இழுக்கும் வண்டி சுமக்கும், பின் பாதியைச் சொந்தச் சக்கரம் சுமக்கும். சாலையில் போகும் பெரிய டிரெய்லர் லாரிகளில் அடியில் தொங்கும் கிங் பின், மேலே கிரீஸ் தடவிய இரும்புத் தட்டு எல்லாம் அதே வம்சம். ஆக நண்பனின் வீட்டு டிரெய்லரும், துறைமுகக் கண்டெய்னர் லாரியும், தாத்தாவின் மாட்டு வண்டியும் ஒரே கணக்கு.

ஒரு வித்தியாசத்தை மட்டும் தம்பிகள் கவனிக்க வேண்டும். பாரம் பின் அச்சுக்கு முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா?

கரும்பு வெட்டு நாள்களில் நெல்லிக்குப்பம் சாலையிலோ சேத்தியாத்தோப்புப் பக்கமோ போய்ப் பாருங்கள். டிராக்டரின் கொக்கி பின் அச்சுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். ஒற்றை அச்சு டிப்பரில் கரும்பை முன்பாரமாக அடுக்கினால் அந்தக் கொக்கி கீழே அழுந்தும். அழுந்தினால் முன் சக்கரம் எழும்பும், சீசா பலகை மாதிரி. இரண்டு டன் டிராக்டரில் முன் சக்கரங்களில் 800 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரங்களுக்கு இடையே இரண்டு மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 60 சென்டிமீட்டர் பின்னால். கொக்கியில் ஒன்றரை டன் அழுந்தினால் முன்னால் 450 கிலோ குறைந்து, வெறும் 350 கிலோ மிஞ்சும். ஸ்டியரிங் காற்றில் திருப்புவது போல இருக்கும். இந்த நிலையில் வயலிலிருந்து சாலை மேட்டில் ஏறும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால் மூக்கு மேலே போய்விடும். பானெட் மேல் இரண்டு பையன்களை உட்கார வைத்து ஏற்றும் வழக்கத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பையன்கள் எடை கூட்டத்தான் உட்காருகிறார்கள். வண்டி கவிழ்ந்தால் முதலில் அடிபடுவதும் அவர்கள்தான். கொக்கிக்குப் பதில் உயரமான இடத்தில் சங்கிலி கட்டி இழுப்பது இதைவிட மோசம். இழுக்கும் புள்ளி பின் அச்சைவிட உயரமாக இருந்தால், இழுவையே டிராக்டரைப் பின்னோக்கிப் புரட்டும்.

ஃபிப்த் வீலை அதனால்தான் பின் அச்சுக்குச் சற்று முன்னால் பொருத்துகிறோம். பாரத்தில் கொஞ்சம் முன் சக்கரத்துக்கும் போகும், ஸ்டியரிங் உறுதியாக நிற்கும். ஆனால் பெரும்பங்கு பின் அச்சின் தலையில்தான் விழும். நான் கோட்டை விட்டதும் அங்கேதான்.

2019ஆம் வருஷம். கடலூர் முதுநகர்ப் பக்கத்தில் எனக்கு வேண்டிய ஒருவர், மாமா என்றுதான் கூப்பிடுவேன், பழைய பிரைம் மூவர் ஒன்று வாங்கினார். இரண்டு அச்சு வண்டி. "தம்பி, இதுக்கு ஒரு டிரெய்லர் சொல்லு, கம்பி லோடு அடிக்கணும்" என்றார். அதற்கு முந்தின வருஷம், 2018 ஜூலையில், மத்திய அரசு அச்சு எடை வரம்புகளை உயர்த்தியிருந்தது. நான்கு டயர் போட்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னிலிருந்து 11.5 டன். இரட்டை அச்சுக்கு 19இலிருந்து 21 டன். நான்கு அச்சு டிரெய்லர் வண்டிக்கு மொத்தம் 39.5 டன் வரை போகலாம். மாமா கேட்டதோ 35 டன்னுக்குள். எஞ்சினின் சக்தியைப் பார்த்தேன், மொத்த எடையைப் பார்த்தேன். "தாராளமா இழுக்கும் மாமா" என்றேன். ஐந்து நிமிஷ வேலை. சம்பளம், ஒரு டீ.

ஆறு வாரம் கழித்து, கத்திரி வெயில் நாளில், அந்த வண்டி ஓட்டுநர் போன் செய்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். "சார், கம்பியை முழுக்க முன்னாடி தடுப்போட ஒட்டி ஏத்திட்டாங்க. முன்பாரமா இருக்கு சார். பின் பட்டை ரொம்ப உட்காருது. மாமா உங்களைக் கேக்கச் சொன்னாரு." நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். "எடை மேடையில் எவ்வளவு வந்தது?" என்று கேட்டேன். "முப்பத்தி நாலரை, சார்." "அப்புறம் என்ன அண்ணே, அஞ்சு டன் மிச்சம் இருக்கு. போங்க" என்றேன்.

சிதம்பரம் சாலையில் ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் சக்கர ஜோடியில் உள் டயர் வெடித்தது. பாரம் முழுவதும் பக்கத்து டயருக்கு வந்து, அதுவும் போனது. வண்டி இழுத்துக்கொண்டு போய்ப் புளிய மரத்தில் நின்றது. கம்பி முன்னால் தடுப்போடு ஒட்டி இருந்ததால் கேபினுக்குள் பாயவில்லை. அவர் வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. எதிரில் யாரும் வரவில்லை. ஒரு பள்ளி வேன் சற்று முன்புதான் அந்த இடத்தைக் கடந்திருந்தது என்று பிறகு சொன்னார்கள். அதை நினைக்காமல் இருக்க முயல்கிறேன்.

அன்று இரவுதான் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். உங்கள் முன்னாலும் போடுகிறேன். எளிமைக்காக எண்களைச் சற்று உருட்டியிருக்கிறேன்.

பிரைம் மூவரின் சொந்த எடை 6.5 டன். முன் அச்சில் 4.3, பின் அச்சில் 2.2. டிரெய்லரும் கம்பியும் சேர்ந்து 28 டன். மொத்தம் 34.5. கிங் பின்னிலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடுவுக்கு 7 மீட்டர். பாரத்தின் மையம் கிங் பின்னுக்கு நாலரை மீட்டர் பின்னால் இருந்தால், கிங் பின்னில் விழுவது 28 பெருக்கல் இரண்டரை வகுத்தல் 7, அதாவது 10 டன். மீதி 18 டன் டிரெய்லர் அச்சுகளுக்கு, வரம்பு 21, சரி. ஃபிப்த் வீல் இருக்கும் இடத்தை வைத்து, அந்தப் பத்து டன்னில் எட்டில் ஒரு பங்கு முன் அச்சுக்கும் ஏழு பங்கு பின் அச்சுக்கும் போகும். பின் அச்சு 2.2 கூட்டல் 8.75, மொத்தம் 10.95 டன். வரம்பு 11.5. தப்பித்தோம்.

இப்போது பாரத்தின் மையத்தை வெறும் அரை மீட்டர் முன்னால் தள்ளுங்கள். அவ்வளவுதான், ஒரு முழத்துக்குச் சற்று மேல். கிங் பின்னில் 12 டன். பின் அச்சில் 2.2 கூட்டல் 10.5, ஆக 12.7 டன். வரம்பைவிட 1.2 டன் அதிகம். டயர் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 3.2 டன். அதில் ஒரு டயரில் காற்று சற்றுக் குறைந்தால் அதன் பங்கும் ஜோடி டயருக்குப் போகும். மே மாத வெயிலில், தார்ச் சாலையில், மீதிக்கதை உங்களுக்குத் தெரியும். எடை மேடையில் மட்டும் அதே 34.5 டன். அந்தச் சீட்டு செல்லுபடியான, சட்டபூர்வமான, அழகான சீட்டு. இன்றும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

மையம் ஒரு மீட்டர் பின்னால் போயிருந்தால்? கிங் பின்னில் வெறும் 6 டன், டிரெய்லர் அச்சுகளில் 22. அங்கே வரம்பு தாண்டும். இழுக்கும் சக்கரங்களுக்குப் பிடிமானம் குறையும். மழையில் பிரேக் அடித்தால் பின்னால் வரும் டிரெய்லர் முன் வண்டியைத் தள்ளி மடக்கிவிடும். பூட்டாங்கயிறு இறுகுவது என்பது இதுதான்.

விசாரித்தவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை. காகிதத்தில் என் பெயரே இல்லை. டயர் பழசு என்று எழுதி முடித்தார்கள். மாமாவும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. நான்காவது வாரம் மருத்துவமனைக்குப் போய் அந்த அண்ணனிடம் நானே சொன்னேன், "தப்பு என்னோடது." அவர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்கப்பா கட்டை வண்டி ஓட்டினவரு தம்பி. பாரம் எங்க நிக்குதுன்னு எனக்கு சீட்டுல உக்காந்தாலே தெரியும். நீங்க படிச்சவரு, போலாம்னு சொன்னீங்க, போனேன்" என்றார். அதுவரை என்னை சார் என்று கூப்பிட்டவர், அன்று முதல் தம்பி என்கிறார்.

அதன் பிறகு நான் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. எந்த வண்டிக்கும் மொத்த எடையோடு நிறுத்துவதில்லை. எடை மேடையில் முதலில் முன் அச்சை மட்டும் ஏற்றச் சொல்வேன், பிறகு முன்னும் பின்னும் சேர்த்து, பிறகு முழு வண்டியையும். கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு அச்சும் தெரிந்துவிடும். பத்து நிமிஷம் கூடுதலாகும், மேடைக்காரர் முணுமுணுப்பார், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். கம்பியை எங்கே வைக்க வேண்டும் என்று டிரெய்லர் சட்டத்திலேயே பெயிண்ட்டால் கோடு போட்டு அனுப்புகிறோம். தடுப்பிலிருந்து இடைவெளி விட்டால் கம்பி முன்னால் வழுக்காமல் இருக்கக் கட்டுக் கம்பியும் சங்கிலியும் கூடுதலாக வேண்டும், அதையும் சேர்த்தே சொல்லுவோம். ஒரு ஆபத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றைக் கொண்டுவந்துவிடக் கூடாது.

இணைப்பின் வலிமைக்கு டி மதிப்பு என்று ஒரு கணக்கு உண்டு. ஆட்டோமொபைல் படிக்கும் தம்பிகள் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். மேலே சொன்ன வண்டிக்குச் சரியாக ஏற்றியபோது அது சுமார் 79 கிலோ நியூட்டன். இரண்டு அங்குல கிங் பின்னுக்கான பெரிய ஃபிப்த் வீல் தட்டுகளில் 150ஐ ஒட்டிய எண் பொறித்திருப்பார்கள். ஆக அங்கே பிரச்சினையே இல்லை. பலமான இடத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு பலவீனமான இடத்தை விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று, டிரெய்லரை மாட்டியதும் டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள், கிங் பின்னைச் சுற்றித் தாடை மூடியிருக்கிறதா என்று. தட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. பிறகு டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி முதல் கியரில் லேசாக இழுத்துப் பாருங்கள். "க்ளிக்னு சத்தம் கேட்டுச்சு சார்" என்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

இன்று காலை கடலூரிலிருந்து வரும் வழியில் அந்த அண்ணனைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கால் கொஞ்சம் குட்டை, லாரி ஓட்டுவதில்லை. மாமாவின் வண்டிகளுக்கு இப்போது அவர்தான் லோடு பார்க்கிறார். அவர் சரி சொல்லாமல் வண்டி கிளம்பாது. "உங்க காலேஜ்ல பேசப் போறேன், உங்களைப் பத்திச் சொல்லலாமா?" என்று கேட்டேன். "பேரு வேணாம் தம்பி. மத்தபடி சொல்லுங்க" என்றார்.

டெக்ஸாஸ் நண்பனை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவன் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள், 5,000 பவுண்டில் வேறொரு டிரெய்லரின் படம் அனுப்பி, "இதுல கிச்சன் சின்னதுதான், வீட்டம்மாவுக்கு நீயே சொல்லு" என்று எழுதியிருந்தான். அதற்கு 20 சதவீதம் போட்டு, நான்கு பேர் எடையும் மாட்டியின் எடையும் கூட்டச் சொல்லியிருக்கிறேன். அதுவே இறுக்கமாகத்தான் வருகிறது. ஊறுகாய் ஜாடியைப் பற்றி இன்னும் பேச்சு வார்த்தை நடக்கிறது.

கல்லூரி வாசலுக்கு எதிரில், கரும்பு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு டிராக்டரும் டிப்பரும் நிற்கின்றன. காலையில் உரிமையாளரிடம் கேட்டு மூன்று மணி வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். காரில் டேப்பும் ஒரு ஸ்பிரிங் தராசும் கொண்டு வந்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வருகிற தம்பி தங்கைகள் கொக்கி பின் அச்சிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து பார்க்கலாம். வெறும் டிப்பரின் முன் பக்கத்தைத் தோளால் தூக்கியும் பார்க்கலாம். என் தாத்தா அப்படித்தான் பார்த்தார்.